செட்டில் ஆயிட்டானா?

கொஞ்ச காலமாகவே ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருக்கிறது. என்னைக் குறிவைத்துக் கேட்கப்பட்ட கேள்வி என்று சொல்ல முடியாது. ராசிங்காபுரத்துக் கல்யாணப் பந்தலில், கேத வீட்டுத் திண்ணையில், போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லோரும் எல்லோரைப் பற்றியும் கேட்டுக்கொள்வதுதான். "என்ன மாப்ள, பையன் செட்டில் ஆயிட்டானா?" கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பதில் சொல்கிறவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. கேட்கப்பட்டவரின் பார்வை ஒரு தடவை தரைக்குப் போய்விட்டு மேலே வருகிற நொடி. "ஆயிட்டாண்ணே, மெட்ராஸ்லதான் இருக்கான்" என்பது ஒரு பதில். "எங்கண்ணே, பாத்துக்கிட்டு இருக்கான்" என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை. என்ன வேலை, வாடகை வீடா, கடன் எவ்வளவு, ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அமுங்கிப்போகிறது. பெண் பிள்ளை என்றால் கேள்வியே வேறு: "பொண்ண எங்கிட்டுக் குடுத்திருக்கு?" கேத வீட்டிலோ அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. "மனுசன் எல்லாத்தையும் செட்டில் பண்ணிட்டுத்தான் போயிருக்காரு." போனவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் பக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடத்துக்குப் பயந்து ஓடியவர்களும், ஒரு எழுத்தும் கூட்டத் தெரியாத அப்பத்தாக்களும் இந்த ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த சொல் என்பதால்தான் யாரும் அதன் அர்த்தத்தை யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கிலீஷ் வினை எதுவும் தமிழுக்குள் தன்னந்தனியாக வந்துவிட முடியாது. பெரும்பாலும் 'பண்ணு', 'ஆகு' என்ற இரண்டில் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். காலம் காட்டுவதும் ஆள் காட்டுவதும் அந்தத் துணையின் வேலை. இங்கிலீஷ்காரர் ஒரே வினையை வைத்து இரண்டு வேலையையும் முடித்துக்கொள்கிறார். தமிழோ, செய்தது யார், ஆனது யாருக்கு என்று கேட்காமல் விடாது. அதனால் எங்கள் வாயில் இந்தச் சொல் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகவே பிரிந்துவிட்டது. அப்பா செட்டில் பண்ணுகிறார். மகன் செட்டில் ஆகிறான். கடனை நாம் செட்டில் பண்ணுகிறோம். கேஸ் தானாக செட்டில் ஆகிறது. "எங்கப்பா அண்ணன மட்டும் செட்டில் பண்ணி விட்டாரு" என்று ஒருவர் ஐம்பது வயதிலும் பொருமுவதைக் கேட்கலாம். சினிமாவில் ரவுடிகள் செய்கிற 'செட்டில்மெண்ட்' தனி. இதோடு 'விடு' என்ற இன்னொரு துணைவினையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'ஆயிட்டான்' என்றால் 'ஆகிவிட்டான்'. முடிந்துவிட்டது, போய்விட்டது, செத்துவிட்டான் என்பதில் எல்லாம் கதவைச் சாத்துகிற அதே 'விடு'. செட்டில் ஆகிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னால் கேட்பவருக்கு அது இன்னும் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவன் வாழ்ந்துகொண்டிருப்பதை முடிந்துபோன காரியமாகச் சொல்கிறோமே, அது எப்படி நமக்கு நல்ல செய்தியாகப் படுகிறது? இந்த இடத்தில்தான் என் உறுத்தல் தொடங்குகிறது.

இங்கிலீஷில் இந்தச் சொல்லின் பூர்வீகம் ஓர் இருக்கை. பழைய இங்கிலீஷில் 'செட்ல்' என்றால் உட்காரும் இடம். உயரமான முதுகுச் சாய்ப்பு வைத்த மரப் பெஞ்சுக்கு இன்றும் அதே பெயர் உண்டு. உட்காரவைப்பது, ஓரிடத்தில் வைப்பது என்ற பொருளில் தொடங்கிய வினையோடு, சமரசம் செய்வது என்ற பொருள் கொண்ட வேறொரு பழைய வினையும் ஒலி நெருக்கத்தால் வந்து கலந்துவிட்டது. உட்காருவதும் பகை தீர்ப்பதும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது அப்படித்தான். பிறகு கிளை பிரிந்தது. கலங்கிய தண்ணீரில் மண் அடியில் படிவது, வயிறு சமாதானமாவது, புதுக் கட்டடம் அரை அங்குலம் இறங்குவது, கணக்குத் தீர்ப்பது, வழக்கு முடிப்பது, நாட்டைப் பிடித்துக் குடியேறுவது எல்லாவற்றுக்கும் அதே வினை. நாம் இவற்றில் மூன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டோம்: கணக்கு, வழக்கு, வாழ்க்கை. எடுக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஆசைப்பட்டது கிடைக்காதபோது கிடைத்ததை வைத்து மனசைத் தேற்றிக்கொள்வதற்கும் இங்கிலீஷ்காரர்கள் இதே வினையைத்தான் வைத்திருக்கிறார்கள். கூட ஒரு சின்ன முன்னிடைச்சொல் சேர்த்தால் போதும். அவர்கள் ஊரில் செட்டில் ஆனவனைப் பார்த்து, எதை விட்டுக்கொடுத்தாய் என்று கேட்க மொழியிலேயே இடம் இருக்கிறது. நாம் அந்த வாசலை அடைத்துவிட்டுத்தான் சொல்லை வாங்கியிருக்கிறோம். இசையை விட்டுவிட்டு பேங்க் வேலைக்குப் போனவனும், காதலித்தவளை விட்டுவிட்டு அத்தை மகளைக் கட்டியவனும் எங்கள் கணக்கில் செட்டில் ஆனவர்கள்.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'தலையெடுத்துட்டான்' என்றார்கள். 'காலூன்டிட்டான்', 'ஆளாயிட்டான்', 'ஒரு நெலைக்கி வந்துட்டான்' என்றார்கள். வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இவற்றிலும் அதே 'விடு' இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தலையெடுத்தவன் அதற்குமேல் ஏதோ செய்யப் போகிறான். காலூன்றியவன் அடுத்த அடி வைக்கப் போகிறான். அந்தச் சொற்களில் கதை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தேகமும் வருகிறது. பழைய சொல் எல்லாம் நல்ல சொல் என்று ஆகிவிடுமா? 'பொண்ணக் கரை சேத்துட்டேன்' என்பதும் பழைய சொல்தான். பெண்ணைப் பாரமாக்கிய பிறகுதான் அந்தச் சொல் பிறந்திருக்க முடியும். 'ஊர் குடி' என்பதும் பழைய சொல்தான். யார் குடி, யார் குடியில்லை என்று அது தெருவைப் பார்த்துப் பிரித்தது. செட்டில் என்பதற்குச் சாதி வாடை கிடையாது. எந்தத் தெருவில் பிறந்த பையனைப் பற்றியும் அதே சொல்லால் கேட்கலாம். அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்ப் படிக்கவைத்து, முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி, வெயில் படாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஒரு பிள்ளைக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய நிம்மதி. மூன்று வேளைச் சோற்றுக்கு யோசிக்காதவன் அதைக் கிண்டலடிப்பது எளிது. ஆகவே சொல்லை விரட்ட வேண்டும் என்று இதை எழுதவில்லை. அது யாருக்குப் பொருந்துகிறது, யாரை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்க நினைக்கிறேன். அதற்கு எங்கள் போடி மலையடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே திரும்பினால் மலை முகத்துக்கு நேரே நிற்கும். அதன் மறுபக்கம்தான் ஏலக்காய்த் தோட்டங்கள். காக்காய் பறக்கிற தூரம். ஆனால் ஜீப்பு போடிக்குப் போய், முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறி, பூப்பாறைப் பக்கமோ சாந்தம்பாறைப் பக்கமோ சுற்றித்தான் போக வேண்டும். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு வேண்டும் என்பது இந்தப் பக்கத்தாரின் நெடுநாள் கோரிக்கை. விடியக்காலை நாலு, நாலரைக்கெல்லாம் அடிவாரத்து ஊர்களில் ஜீப்பு ஆரன் அடிக்கும். தலையில் துண்டைச் சுற்றி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டி, தூக்குச்சட்டியும் மழைக்கு ஒரு பாலிதீன் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஜீப்பு கொள்கிற ஆள் எத்தனை, ஏறுகிற ஆள் எத்தனை என்பதை யாரும் கேட்பதில்லை. மேலே பனியும் ஈரமும் அட்டையும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது தூரடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில். அதனால் நாள் பூராவும் குனிந்தோ குந்தியோதான் வேலை. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் கிடக்கும்; விளைந்ததை மட்டும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத் திருகி எடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் ஏச்சு விழும். அதே செடிக்கு முப்பது நாற்பது நாளில் மறுபடியும் வருவார்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது அவர்கள் விரல்களில் ஏலக்காய் வாசம் ஏறியிருக்கும்; சோப்புப் போட்டாலும் சோறு பிசையும்போது வரும் என்பார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த ஒரு கிலோதான் போடியிலும் மலைமேல் புத்தடியிலும் ஏலத்துக்கு வருகிறது.

இந்தப் பெண்களைப் பற்றி யாரும் "செட்டில் ஆயிட்டாளா" என்று கேட்டு நான் அறியேன். அவர்களுக்கு உள்ள வினை 'போறது', 'வாறது'. "மலைக்குப் போறாங்க", "ஜீப்புல வாறாங்க". முப்பது வருசமாகப் போகிறவரையும் அப்படித்தான் சொல்வோம், நேற்றுச் சேர்ந்தவரையும் அப்படித்தான். வருசம் முழுக்க நிகழ்காலத்திலேயே இருக்கிற ஆட்கள். பணத்தோடு மட்டும் அந்த இங்கிலீஷ் சொல் அவர்கள் வாயில் வரும்: "வாரக் கணக்கு செட்டில் பண்ணிட்டாகளா?" முன்பணம் கழித்து, வராத நாள் கழித்து, கைக்கு வருகிற காசு. மலையும் மலையடிவாரமும் ஒரே பிழைப்பாகப் பின்னிக்கிடந்தாலும் நடுவில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமான எல்லை ஓடுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது மேலே வேலைக்குப் போனவர்கள் அடியும் மிரட்டும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்; மலைப்பாதைகள் அடைபட்டன. 2020இல் கொரோனா ஊரடங்கில் மறுபடியும் அடைபட்டன. காய் செடியில் கிடந்தது, எடுக்கிற கை அடிவாரத்தில் கிடந்தது. இரண்டு தடவையும் பாதை திறந்ததும் மறுபடி ஏறினார்கள். வேறு என்ன செய்வது?

மலைக்கு மேலே போனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே அது நிலத்தைப் பற்றிய சொல்; குடியேறியவருக்கு 'செட்டிலர்' என்று பெயர். மதுரைப் பக்கமிருந்து வந்ததாக வாய்மொழியில் சொல்லிக்கொள்ளும் முதுவர் பழங்குடியினர் யாருடைய பட்டாவும் இல்லாமல் அந்தக் காட்டில் இருந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் தமிழ்ச் சம்சாரிகள் ஏலக்காய் காலத்தில் ஏறி, காய் முடிந்ததும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலம் அது. 1877 ஜூலை 11ஆம் தேதி பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ எழுதி வாங்கினார். 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு, ஆளுக்கு ஐந்து ஏக்கர் கொடுத்து மலையில் ஆட்களைக் குடியமர்த்தியது. தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். 1956 நவம்பர் 1இல் எல்லை கிழிக்கப்பட்டபோது இரண்டு தாலுகாவும் கேரளத்தில் இருந்தன. ஐந்து ஏக்கருக்காக மழையிலும் காய்ச்சலிலும் அந்தக் காட்டில் கிடந்த மலையாளக் குடும்பங்களின் பாடு லேசானதல்ல. அவர்களும் பசிக்குத் தப்பி வந்தவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பருவத்துக்கு ஏறி இறங்கியவர்களும் வேலைக்கு வந்து தங்கியவர்களும் செட்டிலர் ஆகவில்லை; அரசு ஒரு திட்டம் போட்டு, அளந்து கொடுத்து, பேர் எழுதியபோது வந்தவர்கள் ஆனார்கள். எத்தனை காலம் இருந்தார்கள் என்பதை அந்தச் சொல் கணக்கில் எடுப்பதே இல்லை. யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை மட்டும் எடுக்கிறது.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனதும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கம்பெனி 'செட்டில் பண்ணும்'. செட்டில் பண்ணிய கையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ வேலையில் இருந்தால்தான் அதே கூரை. அங்கே ஒருவருக்குக் கணக்கு செட்டில் ஆகிவிட்டது என்றால் அவருக்கு இருக்க இடம் இல்லை என்று பொருள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பிறந்து வளர்ந்து, கட்டிக் கொடுத்து, புதைந்த இடத்தில் அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. நான்கு தலைமுறை ஒரே மலையில் இருந்தவர்களுக்குப் பொருந்தாத சொல், பெங்களூரில் இருபது வருச வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கி இரண்டு மாதத் தவணை கட்டியவனுக்குப் பொருந்திவிடுகிறது.

கடனைப் பற்றிச் சொல்லும்போது பத்திர ஆபீஸைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் வாழ்வில் இந்தச் சொல் முதலில் நுழைந்தது கல்யாணப் பந்தல் வழியாக இல்லை, வருவாய்த்துறை வழியாக. 1802ஆம் ஆண்டு மெட்ராஸ் ஒழுங்குமுறைச் சட்டத்தால் ஜமீன்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நிரந்தரமாக வரி நிர்ணயித்தது. அதற்கு வைத்த பெயரே 'பெர்மனெண்ட் செட்டில்மெண்ட்'. 1948இல் ஜமீன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அந்த நிரந்தரம் முடிந்தது. யாருக்கு எந்த நிலம் என்று தீர்மானிக்க மறுபடியும் செட்டில்மெண்ட் அதிகாரிகளையே போட்டார்கள். நிலத் தகராறு வந்தால் வக்கீல் இன்றும் 'எஸ்.எல்.ஆர். காப்பி' கேட்கிறார், அதில் நடு எழுத்து நிலம், முதல் எழுத்து நம்முடைய இந்தச் சொல்தான். அடுத்தது தான செட்டில்மெண்ட். வயதான தகப்பனார் வீட்டையோ நஞ்சையையோ பிள்ளை பெயருக்கு எழுதிவைக்கிற பத்திரம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் உச்ச வரம்பு உண்டு என்பதால் எழுத்தர்களும் இதையே சொல்வார்கள். கையெழுத்துப் போட்டு, பிள்ளை ஏற்றுக்கொண்டுவிட்டால் தகப்பனார் நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்ய முடியாது. பையன் செட்டில் ஆகிறான். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் விருந்தாளி. திண்ணை மாறும், சாப்பாட்டு நேரம் மாறும், டிவி சத்தம் மாறும். இது எத்தனை வீட்டில் நடந்திருந்தால் நாடாளுமன்றம் அதற்கு ஒரு பிரிவு எழுதியிருக்கும்? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டால், தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொன்னது. ஆக, சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது: செட்டில்மெண்ட் என்று எழுதப்பட்டது செட்டில் ஆவதில்லை.

அயல்நாட்டில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது ஊர் இந்தச் சொல்லைச் சொல்லும் தோரணையே தனி. "லண்டன்ல செட்டில்", "அமெரிக்கால செட்டில்". அமெரிக்காவில் பத்து வருசமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன், வேலை போனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் அம்மாவின் தூக்கம் போகும் என்று அவனும் சொல்வதில்லை. பிரிட்டனோ இந்தச் சொல்லைச் சட்டத்திலேயே ஏற்றிவைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, அங்கே ஏற்கெனவே இருந்த ஒன்றியத்துக் குடிமக்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஐந்து வருசம் தொடர்ந்து இருந்ததைக் காட்டினால் 'செட்டில்டு'. அதற்குக் குறைந்தால் 'ப்ரீ-செட்டில்டு'. பிரான்சிலோ ஜெர்மனியிலோ ஹாலந்திலோ அகதியாகப் போய்க் குடியுரிமை வாங்கி, பிறகு பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்புக்காக லண்டனுக்கு மாறிய ஈழத்தமிழர்கள் பலரும் இந்த வரிசையில் நின்றார்கள். சொந்த மண்ணிலிருந்து கிளப்பப்பட்டு, இரண்டு நாடு மாறி, மூன்றாவது நாட்டில் ஓர் அதிகாரி அவர்களுக்கு 'செட்டில் ஆவதற்கு முந்தைய நிலை' என்று பெயர் வைக்கிறார். யோசித்தால், மனிதர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற நிலை அது ஒன்றுதானே என்று தோன்றுகிறது. ஆனால் அது தத்துவம். தத்துவம் பேசுகிறவன் கையில் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கும். நிற்கிறவருக்கு அது வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் ஐந்து வருசத்துக்குச் சேர்த்துக் காட்ட வேண்டிய பாடு.

சரி, நிலமும் பட்டாவும் கையில் இருக்கிறவர்களாவது செட்டில் ஆனவர்கள்தானே? மலையில் சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற போடிக்காரர்களைப் பார்த்து ஊர் அப்படித்தான் நினைக்கிறது. ஆனால் 2018 மழையில் செடிகள் அழுகின. மறு வருசம் காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைக் கண்ட கண்ணில் பலர் புதுச் செடி வைத்தார்கள், கடன் வாங்கினார்கள், மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மூன்று வருசத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக மிஞ்சியது என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். ஏலத்தில் காய் விற்றபின் பணம் கைக்கு வருவதற்கே நாள் கணக்காகும். அந்த இடைவெளியில் ஒரு தோட்டக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். போர்டில் விலை ஓடி முடிந்துவிட்டது, லாட் கைமாறிவிட்டது, அவர் மட்டும் இன்னும் மனசுக்குள் கழித்துக்கொண்டிருப்பார். விலை மறுபடி ஏறியது, மறுபடி இறங்கும். மழை, விலை, எல்லை, கடன் என்று நான்கு பக்கமும் அவரை ஆட்டிக்கொண்டிருக்க, ஊர் அவரைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளிடம் சொல்கிறது: "அவரப் பாரு, செட்டில் ஆனவரு."

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தச் சொல்லை நாம் எப்போதும் அடுத்தவரைப் பற்றித்தான் சொல்கிறோம். 'நான் செட்டில் ஆயிட்டேன்' என்று சொல்கிறவர்கள் குறைவு. சொன்னாலும் பெண் பார்க்கப் போன இடத்திலோ பழைய சேக்காளியைச் சந்தித்த இடத்திலோ சொல்வார்கள், அதாவது மதிப்பெண் போடப்படுகிற இடத்தில். உள்ளே இருந்து பார்க்கிறவருக்குத் தன் வாழ்க்கை அப்படித் தெரிவதில்லை. வெளியே நிற்கிறவருக்கு, இனி இவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற விடுதலை தேவைப்படுகிறது. கேள்வி அதற்காகவே கேட்கப்படுகிறது. 'ஆயிட்டான்' என்ற பதில் வந்ததும் கேட்டவர் அடுத்த பந்திக்குப் போய்விடலாம். 'ஆகல' என்றால் இரண்டு நிமிசம் நின்று அனுதாபப்பட வேண்டும். மலைக்குப் போகிற பெண்களைப் பற்றி அந்தக் கேள்வி எழாததற்கும் காரணம் இதுதான். அவர்களைப் பற்றி நாம் எப்போதும் கவலைப்பட்டதே இல்லை, விடுபட என்ன இருக்கிறது? அவர்களுடைய ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், இடுப்பு வலிக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், அறுபது வயதில் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் அதற்கு ஒரு சொல்லில் பதில் கிடைக்காது.

கடனுக்கும் கேஸுக்கும் பத்திரத்துக்கும் இது நல்ல சொல். அங்கே அதற்கு வேலை இருக்கிறது, நடுவில் புகுந்து திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிற மனிதரை விசாரிக்க அது ஆகாது. அடுத்த கல்யாண வீட்டில் உங்கள் நாக்கு நுனிக்கு அந்தக் கேள்வி வரும். பழக்கம், வரத்தான் செய்யும். அதை விழுங்கிவிட்டு, "எப்படிப்பா இருக்கான்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடிகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.